செல்வியின் கொம்பு எங்கே?

உங்கள் வீட்டில் தை மாதம் கல்யாணமா? ரொம்ப சந்தோஷம்! மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, புடைவை எடுக்கக் காஞ்சீபுரம் போக நாளும் பார்த்தாகிவிட்டது. பத்திரிகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. "அது என்ன பிரமாத காரியம்? இவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அழகாகத் தயார் பண்ணிவிடுவார். அச்சகத்துக்கு அனுப்பினால் இரண்டு நாளில் வந்துவிடும்" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சிதம்பரத்தில் இருக்கும் என் சித்தியும் தன் பெண் கல்யாணத்தின்போது இதையேதான் சொன்னாள்.

கல்யாணம் கடலூருக்கு அருகே திருவந்திபுரத்தில். முகூர்த்த நாட்களில் அந்த மலைக்கோயில் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒரே காலையில் எத்தனை மாலை, எத்தனை மேளம் என்று! சித்தப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்திரிகையைத் தயார் செய்தார். மயில்கழுத்து நிறத்தில் கரை, மேலே ஒரு கோபுரம், நடுவில் பிள்ளையார். ஆபீஸ் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து வந்து காட்டினார். வீடே கூடிப் பார்த்தது. "கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது" என்றாள் பாட்டி. நானும் பார்த்தேன். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, என் அபிப்பிராயத்துக்குத் தனி மதிப்பு! "ஒரு பிழையும் இல்லை, அனுப்பலாம்" என்று நான்தான் சொன்னேன்.

நான்காம் நாள் அறுநூறு பத்திரிகை வந்து இறங்கியது. கட்டைப் பிரித்த சித்தி, முதல் பத்திரிகையைக் கையில் எடுத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "திருவளர்ச்செல்வி" என்று இருக்க வேண்டிய இடத்தில், கொம்பு 'ச'வுக்கு முன்னால் நிற்காமல் நழுவிப் பின்னால் போய் 'ல்'லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படிக்க வாய் வரவில்லை. அதோடு போயிற்றா? மயில்கழுத்துக் கரை, மழையில் நனைந்த சாம்பலாய் மங்கியிருந்தது. கோபுரத்தின் கலசத்தைக் கட்டிங் மெஷின் கொண்டுபோய்விட்டது. பிள்ளையாரின் தும்பிக்கை எங்கே, மோதகம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"உன் பெண்ணுக்குக் கொம்பு முளைக்காமல் இருந்தால் நல்லதுதானே?" என்று சித்தப்பா தமாஷ் செய்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"முதல் பத்திரிகை நடராஜர் சந்நிதியில் வைக்க வேண்டியது. என் பெண் பெயருக்கு முன்னால் குறையை வைத்துக்கொண்டு எப்படிக் கொண்டுபோவேன்?" என்றாள் சித்தி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ பார்த்துத்தானே சொன்னாய்?" என்று கேட்டாள்.

நான் பார்த்தது உண்மை. ஆனால் நான் பார்த்தது ஆபீஸ் பிரிண்டர் அச்சடித்த காகிதத்தை. அச்சகத்து யந்திரம் எதைப் பார்க்கப் போகிறது என்பதை நான் பார்க்கவில்லை. நேயர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

தரங்கம்பாடியில் நடந்தது

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததல்ல. சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகத் தெற்கே போனால் கடலோரத்தில் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், தமிழில் புத்தகம் அச்சிட ஆசைப்பட்டார். 1712-ல் லண்டனிலிருந்து அச்சு யந்திரம் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் ஹாலே என்ற நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் அச்சு வேலை தொடங்கியது.

எழுத்துக்கள் வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் வெகு பெரிது. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? அந்நாளில் காகிதமும் கப்பலில் வர வேண்டிய பொருள். கடைசியில் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துக்களை வார்த்துக்கொண்டார்கள். ஈயத்துக்குத் திண்டாட்டம் வந்தபோது, சீமையிலிருந்து வந்த பாலாடைக் கட்டியின் ஈய உறையைக்கூட உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1715-ல் புத்தகம் வெளிவந்தது.

ஹாலேயில் எழுத்து வார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். எந்த ஊரில், எந்தக் காகிதத்தில், எவ்வளவு பக்கம் அச்சாகப் போகிறது என்பது மட்டும் அவர்கள் கண் முன்னால் இல்லை. எங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்ததும் அதுவேதான்.

கிண்ணமா, டின்னா?

கம்ப்யூட்டரில் தயாரித்ததை வேறு இடத்துக்கு அனுப்ப ஏற்ற வடிவமாக மாற்றுவதற்கு 'எக்ஸ்போர்ட்' என்று பெயர். தமிழ் மென்பொருள்களில் இதை 'ஏற்றுமதி' என்றே போட்டிருக்கிறார்கள். கடலூர்க்காரர்களுக்கு ஏற்றுமதி என்றதும் துணி மூட்டைகள் கப்பலேறிய பழைய காலம் நினைவுக்கு வரலாம். பொருத்தமான சொல்தான். சரக்கு எங்கே போகிறதோ அதற்குத் தகுந்தபடி கட்ட வேண்டும் அல்லவா?

நம் வீட்டு வழக்கத்தையே பாருங்கள். எதிர் வீட்டுக்குக் குழம்பு கொடுப்பதென்றால் கிண்ணத்தில் ஊற்றி ஒரு தட்டைப் போட்டு மூடினால் போதும். டில்லியில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்புவதென்றால் டின்னில் அடைத்து, வாயைக் கட்டி, கூடவே சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தையும் வைப்பீர்கள். ஆபீஸ் பிரிண்டர் எதிர் வீடு, அச்சகம் டில்லி.

இப்படிக் கட்டி அனுப்புவதற்கென்றே 1993-ல் அடோபி கம்பெனி கொண்டுவந்ததுதான் பி.டி.எஃப். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 2008-ல் அது சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. ஆனால் பி.டி.எஃப். என்பது ஒரே சரக்கு அல்ல. எழுத்து, படம், நிறம், விளிம்பு ஆகிய நான்கையும் எப்படிக் கட்டுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா அதைக்கூடச் செய்யவில்லை. வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பிவிட்டார். அச்சகத்தில் இருந்ததோ, யூனிகோடு தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருள். அதில் கொம்பெல்லாம் இடம் மாறி விழுந்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளை பொறுமையாக ஒவ்வொன்றாகக் கையால் திருத்தியிருக்கிறார். ஒன்றே ஒன்று கண்ணுக்குத் தப்பிவிட்டது. அது செல்வியின் கொம்பாகப் போயிற்று!

ஆபீஸ் பிரிண்டருக்கு

முதலில் எளிய வழியைப் பார்த்துவிடுவோம். மகளிர் சங்கத்து நோட்டீஸ், வளைகாப்புக்கு இருபது அழைப்பு, அண்ணாமலை நகரில் படிக்கும் பிள்ளையின் புராஜெக்ட் ஆகியவை ஆபீஸ் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ எடுக்கப்படுபவை.

காகித அளவை ஏ4 என்று வையுங்கள்; அதாவது 210-க்கு 297 மில்லிமீட்டர். வேர்டில் பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது 'ஸ்டாண்டர்ட்', 'மினிமம் ஸைஸ்' என்று இரண்டு வழி காட்டும். காகிதத்தில் வர வேண்டியதற்கு 'ஸ்டாண்டர்ட்'. இரண்டாவது, திரையில் பார்ப்பதற்கு மட்டும். படங்கள் அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். நிறத்தைத் தொட வேண்டாம். திரையின் நிறத்தை மையின் நிறமாக மாற்றும் வேலையைப் பிரிண்டரே செய்துகொள்ளும். வெட்டுக் குறிகளும் வேண்டாம். பெரும்பாலான ஆபீஸ் பிரிண்டர்களால் காகிதத்தின் விளிம்பு வரை அச்சடிக்க முடியாது. ஆகையால் நான்கு பக்கமும் வெள்ளை இடம் விட்டே பக்கத்தை அமையுங்கள். புராஜெக்ட்டை பைண்டு செய்யப்போவதானால் இடது பக்கம் இன்னும் தாராளமாக விடுங்கள்.

அச்சடிக்கும்போது 'ஆக்சுவல் ஸைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஃபிட்' என்று இருந்தால் பக்கத்தைப் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும். ரவிக்கைக்கு வைத்திருக்கும் அளவுத் தாள் அப்படிச் சுருங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அச்சகத்துக்கு

முதலில் அச்சகத்துக்கு ஒரு டெலிபோன் செய்து, "என்ன முறையில் அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஐம்பது, நூறு பிரதி என்றால் டிஜிட்டல் யந்திரத்தில் எடுப்பார்கள், பிளேட் வேண்டியதில்லை. ஆயிரம் பிரதி என்றால் ஆப்செட். அதற்குப் பிளேட் செய்யும் செலவு முதலிலேயே விழுந்துவிடும். பிறகு பிரதி கூடக்கூட ஒவ்வொன்றின் விலையும் குறையும். பிளேட்டில் பிழை ஏறிவிட்டால் ஆயிரம் பிரதியிலும் அதே பிழைதான். ஆகவே இந்த நான்கையும் கவனியுங்கள்.

எழுத்து: பி.டி.எஃப்.பில் எழுத்துரு உள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். சாம்பார்ப் பொடிப் பொட்டலம் என்று சொன்னேனே, அது இதுதான். அக்ரோபாட் ரீடரில் ஃபைலின் 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்து 'ஃபாண்ட்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெட்டெட்' என்று இருந்தால் நிம்மதி. தமிழுக்கு இது மிகவும் முக்கியம். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவற்றைத் திறந்தால், மாப்பிள்ளை பெயரிருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் நிற்கும். கோரல் டிராவில் வேலை செய்யும் அச்சகத்தார், "கர்வ் பண்ணி அனுப்புங்கள்" என்பார்கள். எழுத்தைப் படமாக, வெறும் கோடுகளாக மாற்றிவிடுவது என்று அர்த்தம். அதன் பிறகு கொம்பு எங்கும் ஓடாது. ஆனால் ஒரு எழுத்தைக்கூட அதில் திருத்தவும் முடியாது. ஆகவே மூல ஃபைலைப் பத்திரமாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

படம்: அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுவான கணக்கு. 5 அங்குல அகலம், 7 அங்குல உயரமுள்ள பத்திரிகை முழுவதும் ஒரு படம் வர வேண்டுமானால், அந்தப் படம் 1,500-க்கு 2,100 புள்ளியாவது இருக்க வேண்டும். எங்கள் பிள்ளையார் 600 புள்ளி அகலமே உள்ளவர். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தவர். அவரை 4 அங்குலத்துக்கு இழுத்துவிட்டோம். அங்குலத்துக்கு 150 புள்ளிதான் மிஞ்சியது. அதுவும் தேய்ந்த புள்ளி. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருங்கும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'ஸ்மாலஸ்ட் ஃபைல் ஸைஸ்' என்பதைத் தொடாதீர்கள். அடோபி மென்பொருள்களில் 'பிரஸ் குவாலிட்டி' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அச்சகத்தார் 'பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ' என்று கேட்டால் பயப்பட வேண்டாம். அது அச்சகங்களுக்கென்றே 2001-ல் ஏற்பட்ட தரம். எழுத்துரு உள்ளே இருக்க வேண்டும், நிறங்கள் மை முறையில் இருக்க வேண்டும் என்பவை அதன் விதிகள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தேய்ந்த படத்தை எந்தத் தரத்தில் அனுப்பினாலும் தேய்ந்த படமே. தண்ணீர் கலந்த பால் காய்ச்சினால் கெட்டிப்பாலாகிவிடுமா?

நிறம்: கடையில் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்த புடைவை, வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவதை அனுபவித்திருப்பீர்கள். திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சகமோ நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. கிளிப்பச்சை, மயில்கழுத்து போன்ற ஒளிவீசும் நிறங்கள் மையில் வரும்போது கொஞ்சம் அடங்கித்தான் போகும். வேர்டில் நான்கு மை முறை கிடையாது. அச்சகத்தையே மாற்றச் சொல்லி, மாற்றிய பிறகு நிற மாதிரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கறுப்பு எழுத்து, கறுப்பு மை ஒன்றிலேயே வர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். நான்கு மையும் கலந்து கறுப்பானால், காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும். சுழியும் புள்ளியுமாக உள்ள நம் தமிழ் எழுத்து அதைத் தாங்காது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ரெடிமேட் அட்டை வாங்கி, உள்ளே அரக்கு நிறத்தில் மட்டும் எழுத்து அடிப்பதானால், நீங்கள் அரக்கு நிறத்தில் ஃபைல் கொடுக்கக் கூடாது. சுத்தக் கறுப்பில் கொடுக்க வேண்டும். அந்தக் கறுப்பை வைத்துப் பிளேட்டோ ஸ்கிரீனோ செய்வார்கள். அரக்கு மையை யந்திரத்தில் ஊற்றிக்கொள்வார்கள்.

விளிம்பு: நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே வீச்சில் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போவது சகஜம். அதனால் விளிம்பு வரை நிறம் வருகிற பக்கத்துக்கு நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் அதிகமாக நிறத்தை நீட்ட வேண்டும். இதற்கு 'ப்ளீட்' என்று பெயர். புடைவைத் தலைப்பில் மடித்துத் தைக்கத் துணி விடுகிறோமே, அதைப் போல. 127-க்கு 178 மில்லிமீட்டர் பத்திரிகையானால் ஃபைல் 133-க்கு 184. அதே சமயம் பெயரோ கலசமோ விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். எங்கள் கோபுரம் தலையை இழந்தது இந்த இடத்தில்தான்.

சஷ்டியப்த பூர்த்தி மலர், பாட்டியின் ஸ்தோத்திரப் புத்தகம் என்று நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால், மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். பக்கங்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் தனித்தனிப் பக்கமாகவே கொடுங்கள். எதை எதோடு சேர்ப்பது என்பது அச்சகத்தார் வேலை.

புரூப்: கடைசிக் காவல்

இவ்வளவும் செய்தாலும் புரூப் பார்க்காமல் விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது புரூப் அல்ல. யந்திரத்துக்குப் போகப்போகிற அதே ஃபைலை அச்சகம் உங்களுக்குக் காட்டுவதுதான் புரூப். அதற்கு வாட்ஸ்அப்பில் நீங்கள் 'ஓகே' என்று போட்டால், கையெழுத்துப் போட்டதாகவே அர்த்தம். அதன் பிறகு தவறு உங்களுடையது.

பெயர் அச்சாகும் விதத்தில் நம் பக்கத்துப் பெரியவர்கள் எவ்வளவு கருத்தாக இருந்திருக்கிறார்கள், தெரியுமா? சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்து வடலூரில் விளங்கிய வள்ளலாரின் 'திருவருட்பா' 1867-ல் சென்னையில் முதன்முதலாக அச்சேறியது. தம் பெயரை 'இராமலிங்க சாமி' என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை என்று, அச்சு முயற்சியில் ஈடுபட்டிருந்த இறுக்கம் இரத்தின முதலியாருக்கு அவர் கடிதம் எழுதித் தெரிவித்தார். துறவிக்கே தம் பெயர் எப்படி வர வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை என்றால், கல்யாணப் பெண்ணைப் பெற்றவளுக்கு இருக்காதா?

புரூப்பை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் சரியா என்று காலண்டரில் பாருங்கள். டெலிபோன் நம்பரை ஒரு தடவை கூப்பிட்டே பாருங்கள். கொம்பு, கால், புள்ளி மூன்றையும் விரல் வைத்துத் தேடுங்கள். அந்தப் பத்திரிகையை இதுவரை பார்க்காத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். பல தடவை பார்த்த கண் பிழையைப் பார்க்காது. எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் ஏமாந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாள் குறைவு. சித்தப்பாவும் நானும் ஒரு இரவு உட்கார்ந்து, மேலே சொன்னபடி எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். பிள்ளையாருக்கு நல்ல படம் தேடினோம்; கோபுரத்தைக் கீழே இறக்கினோம்; எழுத்துருவை உள்ளே அடக்கி பி.டி.எஃப். எடுத்தோம். மறுநாள் புரூப் வந்தது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஒருவரையும் நம்பாமல், எழுத்தெழுத்தாக அவளே படித்தாள். அவள் தலையை அசைத்த பிறகுதான் சித்தப்பா 'ஓகே' போட்டார்.

புதுப் பத்திரிகை வந்த அன்று நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சித்தி முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கீழைக் கோபுர வாசல் வழியாக உள்ளே போனாள். நானும் கூடப் போனேன். தட்டில் வைக்குமுன் இன்னொரு தடவை அந்த வரியின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். கொம்பு அதனதன் இடத்தில் இருந்தது.

பழைய அறுநூறு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது! சித்தி வீட்டில் மளிகைச் சாமான் ஜாபிதா இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் ஒரு ஜாபிதாவை என் கையில் கொடுத்து, "இதையாவது சரியாகப் பார்த்துச் சொல்லு" என்பாள்.